செல்லையா அண்ணாச்சிக்கு நான் போடாத விளக்கு

நல்ல கண்ணுள்ள ஒரு மனிதரை, கண் தெரியாதவர் என்று நம்பவைத்தவன் நான்.

அதற்கு மந்திரம் எதுவும் போடவில்லை. மருந்து எதுவும் கொடுக்கவில்லை. ஒரே ஒரு பொய் சொன்னேன். மிகச் சிறிய பொய். அதைச் சொல்லும்போது என் கையில் தேநீர் இருந்தது. ஒரு சொட்டுக்கூடத் தளும்பவில்லை!

நாங்கள் சீர்திருத்தச் சபைக் கிறிஸ்தவர்கள். பாவத்தைச் சொல்ல எங்கள் கோயிலில் மரக்கூண்டு கிடையாது. கூண்டுக்குள் காது கொடுக்கப் பாதிரியாரும் கிடையாது. நேரே மேலிடத்தில் சொல்லிவிட வேண்டியதுதான். மேலிடம் இதுவரை பதில் எழுதவில்லை. ஆகவே உங்களிடம் சொல்கிறேன். நீங்களும் பதில் எழுத வேண்டாம்.

இப்போதே தெளிவாக்கிவிடுகிறேன். நான் மன்னிப்புக் கேட்க வரவில்லை. செய்ததில் பாதியைத்தான் குற்றம் என்று ஒப்புக்கொள்வேன். மறுபாதியை இந்த நிமிடமும் சரி என்றே சாதிப்பேன். எது எந்தப் பாதி என்பது போகப்போகத் தெரியும்...

தொண்ணூறுகளின் முற்பகுதி அது. நான் ஆங்கில இலக்கியத்தில் முதுகலைப் பட்டம் வாங்கியிருந்தேன். அதை வைத்துக்கொண்டு பாளையங்கோட்டையில் என்ன செய்யலாம் என்றால், அதே பட்டத்தை வாங்கிய மற்றவர்களோடு சேர்ந்து வேலைக்கு மனு எழுதலாம். நானும் எழுதினேன். என் மனுக்களில் நடை இருந்தது, நயம் இருந்தது, வேலை மட்டும் வரவில்லை.

என் தாய்மாமாவுக்கு ஒரு லாரி இருந்தது. அதை ஓட்டிக்கொண்டிருந்தவர் துபாய்க்குப் போய்விட்டார். மாமா ஒருநாள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மனு எழுதுத கையால ஸ்டியரிங்கப் பிடிச்சுப் பாரேன்லே. அதுவாவது எங்கயாவது கொண்டுபோயி விடும்" என்றார்.

பிடித்தேன். பயிற்சிப் பள்ளி, உரிமம், பிறகு பல மாதங்கள் வேறு ஓட்டுநர்களின் பக்கத்தில் அமர்ந்து பயணம்... எல்லாம் முறைப்படிதான். ஆனாலும் லாரிப் பேட்டையில் ஒருவரும் என்னை டிரைவர் என்று அழைக்கவில்லை. 'புரபசர்' என்றார்கள். அந்தப் பெயரை எனக்குச் சூட்டியவர் செல்லையா அண்ணாச்சி.

அண்ணாச்சி வாழைத்தார் லாரி ஓட்டுகிறவர். நாற்பதைத் தாண்டியவர்; பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். கல்லிடைக்குறிச்சிப் பக்கத்துத் தோட்டங்களில் தார்களை ஏற்றித் திருநெல்வேலிச் சந்தைக்குக் கொண்டுவருவார். எழுதப் படிக்கத் தெரியாது. அதைப் பற்றிக் கவலையும் கிடையாது. ஆனால் அவருடைய கண் பேட்டை முழுவதும் பிரசித்தம்! தூரத்தில் ஒரு லாரி புள்ளியாகத் தெரியும்போதே, "அது நம்ம மாடசாமி வண்டிலே. எடது பக்கம் சாஞ்சு வாரான், வில்லுப்பட்டை ஒடஞ்சிருக்கும்" என்பார். வண்டி வந்து நிற்கும். மாடசாமி இறங்குவார். பட்டை உடைந்திருக்கும்.

அந்தக் கண்ணைத்தான் நான்... பொறுங்கள். முறையாக வருகிறேன்.

லாரிக்காரர்களின் வழக்கம் ஒன்றை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். சாலையில் எங்காவது வாகன ஆய்வாளர் நின்று வண்டிகளைச் சோதித்துக்கொண்டிருந்தால், அந்த இடத்தைத் தாண்டி வருகிற ஓட்டுநர், எதிரே வரும் லாரிகளுக்குப் பட்டப்பகலிலேயே முகப்பு விளக்கை இரண்டு தடவை போட்டு அணைப்பார். பிறகு ஒரு கையை உச்சந்தலையில் வைத்துக் காட்டுவார். முன்னால் தொப்பி நிற்கிறது என்று பொருள். அதைக் கண்டவர் ஓரங்கட்டித் தாள்களைச் சரிபார்க்கலாம், கிளைச்சாலையில் திரும்பிவிடலாம், எதுவும் முடியாவிட்டால் சாமி கும்பிடலாம்.

இதற்குச் சாதி, மதம், கட்சி எதுவும் கிடையாது. சம்பந்தம் பேசிப் பேச்சு முறிந்த இரண்டு பேர்கூட எதிரெதிரே வந்தால் விளக்குப் போட்டுக்கொள்வார்கள். போடாதவன் டிரைவரே அல்ல. அவன் வண்டி நடுவழியில் படுத்தால் ஒருவரும் நிறுத்திக் கேட்க மாட்டார்கள்.

சரி. நான் முதன்முதலாகத் தனியே ஓட்டிய நாளுக்கு வருகிறேன். தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து விக்கிரமசிங்கபுரத்து ஆலைக்குப் பஞ்சுப் பொதி. வெள்ளைச் சட்டை போட்டிருந்தேன். ஏன் சிரிக்கிறீர்கள்? முதல் நாள் கல்லூரிக்குப் போகிற விரிவுரையாளர் அப்படித்தானே போவார்!

பத்தமடையைத் தாண்டியதும் எதிரே செல்லையா அண்ணாச்சியின் லாரி. விளக்கு இரண்டு தடவை மின்னியது. கை உச்சந்தலைக்குப் போனது.

எனக்கு ஒருவர் விளக்குப் போட்டுவிட்டார்! நானும் டிரைவர்!

என் தாள்கள் எல்லாம் சுத்தமாக இருந்தன. நேராகப் போய் நின்றிருக்கலாம். ஆனால் பயம் என்ன, தாளைப் பார்த்துவிட்டா வருகிறது? கால்வாயோரம் ஒரு மண்பாதை தெரிந்தது. திருப்பினேன். பாதை முடிந்தது, லாரி முடியவில்லை. முன்சக்கரங்கள் பைய ஒரு வயலுக்குள் இறங்கி உட்கார்ந்தன.

மதியம் முழுவதும் அங்கேயே இருந்தேன். வயலுக்குச் சொந்தக்காரர் வந்தார். வண்டியைப் பார்த்தார், என் சட்டையைப் பார்த்தார்.

"என்னவே இது? நாத்து நட்ட வயல்ல லாரிய நட்டு வச்சிருக்கீரு?"

"முன்னால செக்கிங்..."

"செக்கிங்கா? இன்னைக்கு ஞாயித்துக்கிழமைல்லா! ஆபீசரு வீட்ல கறி தின்னுட்டு ஒறங்குவாரு."

கோயிலுக்கு மட்டம் போட்டுவிட்டு லாரி ஓட்ட வந்தவன் நான். கிழமை எனக்கல்லவா தெரிந்திருக்க வேண்டும்!

டிராக்டர் வந்து இழுத்தது. பேட்டைக்குத் திரும்பியபோது எனக்கு முன்பே செய்தி வந்துசேர்ந்திருந்தது. தேநீர்க்கடை வாசலில் அண்ணாச்சி ராஜாங்கம் நடத்திக்கொண்டிருந்தார்.

"நான் என்னவே செஞ்சேன்? தல அரிச்சுது, சொறிஞ்சேன். அதுக்குப் போயி வயல்ல எறக்குவானா ஒருத்தன்!"

"லைட்டு போட்டீங்களே அண்ணாச்சி..." என்றேன்.

"அது சுச்சு லூசுலே!"

கடை அதிர்ந்தது. அழுதுகொண்டே சிரித்தார்கள். மாடசாமி தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். சிரிப்பு அடங்கியதும் அண்ணாச்சி என் தோளைத் தட்டி, "புஸ்தகம் படிச்சா ஸ்டியரிங்கு பிடிச்ச? நீயெல்லாம் டிரைவர் ஆவ ஏழு சென்மம் ஆவும்லே" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அதுதான் இன்னும் வலித்தது.

சொல்லுங்கள், வழக்கத்தை முதலில் உடைத்தவர் யார்? பொய்யாக விளக்குப் போட்டவர் யார்? நானா? நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும். எனக்கு!

அடுத்த சில வாரங்களில், மறுபடியும் பஞ்சுப் பொதியோடு அதே சாலையில் போனேன். வேலைநாள்தான், கிழமையை விசாரித்துக்கொண்டுதான் கிளம்பினேன். பத்தமடைக்கு முன்னால் புளியமர நிழலில் ஜீப் நின்றது. இந்தத் தடவை நிஜமான ஆய்வாளர். கையைக் காட்டினார். நிறுத்தினேன்.

உரிமம் பார்த்தார். அனுமதி பார்த்தார். பின்விளக்கை எரியவிடச் சொன்னார். பிரேக்கை மிதிக்கச் சொன்னார். பிறகு முதலுதவிப் பெட்டியைத் திறந்தார். உள்ளே பஞ்சும் மருந்தும் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கிலக் கவிதைத் தொகுப்பு ஒன்று இருந்தது.

"இதை வச்சு யாருக்கு முதலுதவி செய்யப் போறீங்க?"

நான் என் பட்டத்தைச் சொன்னேன். அவர் புத்தகத்தைக் கொஞ்ச நேரம் புரட்டினார். பிறகு கண்டிப்பு மாறாமல், "மருந்து வாங்கி வைங்க. மத்தபடி வண்டி சரியா இருக்கு. போகலாம்" என்றார். ஏறி உட்கார்ந்ததும் கதவருகே வந்து, "போற வழியெல்லாம் லைட் போட்டுத் தந்தி கொடுத்துட்டுப் போகக்கூடாது, புரியுதா?" என்றார்.

இந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு நான் தப்பிக்கலாம். 'அரசு அதிகாரி சொன்னார். அடங்கி நடந்தேன்' என்று எழுதிவிடலாம். மாட்டேன். ஏனென்றால் நான் அடங்கி நடக்கவில்லை. புளியமரத்தைத் தாண்டிய உடனேயே எதிரே வந்த செங்கல் லாரிக்கு விளக்குப் போட்டேன். அடுத்து வந்த வைக்கோல் லாரிக்குப் போட்டேன். பால் வண்டிக்குப் போட்டேன். கல்யாணத்துக்கு ஆள் ஏற்றிவந்த வேனுக்குக்கூடப் போட்டேன். அவர்கள் பதிலுக்குக் கையசைத்தார்கள்!

சேரன்மகாதேவிக்குச் சற்று முன்னால், எதிரே வாழைத்தார் லாரி வந்தது.

தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, டேப் ரெக்கார்டரோடு போட்டிபோட்டுப் பாடிக்கொண்டு வந்தார் அண்ணாச்சி. என் விரல் விளக்கின் சுவிட்சின்மேல் இருந்தது. அந்தக் குளிர்ச்சியை இப்போதும் உணர்கிறேன்... அவர் என்னைப் பார்த்ததும் பாட்டை நிறுத்தாமலே தலையைச் சொறிந்து காட்டினார். சிரித்தார்.

நான் விரலை எடுத்துவிட்டேன்.

அவ்வளவுதான். வண்டிகள் ஒன்றையொன்று கடந்தன. பக்கக் கண்ணாடியில் வாழைத்தார்கள் ஆடிக்கொண்டே சிறுத்துப் போயின. நானும் பாடத் தொடங்கினேன்!

இதற்காக நான் வருந்த வேண்டுமா? மாட்டேன்! அந்த லாரியின் பிரேக் எப்படிப்பட்டது என்பது பேட்டைக்கே தெரியும். அண்ணாச்சியே பெருமையாகச் சொல்வார்: "ரெண்டு மிதி மிதிச்சா நிக்கும்லே. மூணாவது மிதி மிதிக்க வேண்டி வந்தா, அத சாமி பாத்துக்கிடும்." பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் சாலையைக் கடக்கிற ஊர்களின் வழியே அந்த வண்டி தினமும் போய்வந்தது. ஆய்வாளர் மிதித்துப் பார்த்தார். வண்டி நிற்கவில்லை. பிடித்து வைத்துக்கொண்டார். நல்லதுதானே நடந்தது? இன்று அதே இடத்தில் நின்றாலும் விரலை எடுத்துவிடுவேன்.

என் நோக்கம் பிள்ளைகளைக் காப்பது அல்ல என்று சொல்கிறீர்களா? எனக்கும் தெரியும். நல்ல காரியத்தை அற்பக் காரணத்துக்காகச் செய்தேன். உலகில் பாதி நல்ல காரியங்கள் அப்படித்தான் நடக்கின்றன.

இதுவரை நான் நிமிர்ந்து நிற்கிறேன். இனிமேல்தான் சங்கடம்.

லாரி காவல் நிலைய வளாகத்தில் வெயிலில் நின்றது. தார்கள் அங்கேயே பழுத்து, கறுத்து, ஈ மொய்த்தன. முதலாளி ஊர் கேட்க ஏசினார். பிரேக்கைச் சரிசெய்து வண்டியை மீட்ட பிறகு, அண்ணாச்சி பேட்டைக்கு வந்தார். நான் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். மாடசாமியும் இன்னும் பலரும் இருந்தார்கள்.

"ஏலே புரபசரு. அன்னைக்கு என் எதுக்கத்தான வந்த? எல்லாவனுக்கும் லைட்டு போட்டிருக்க. எனக்கு ஏம்லே போடல?"

எல்லார் கண்ணும் என்மேல். போடவில்லை என்று சொன்னால் அன்றோடு பேட்டையில் என் கதை முடிந்தது. பழிக்குப் பழி என்று சொன்னால்? கிண்டலுக்கு விளக்குப் போடுவது வேறு. தொப்பி நிற்கும்போது போடாமல் போவது வேறு. அது அவர்கள் சட்டம். எனக்குத் தெரியும்.

"போட்டேனே அண்ணாச்சி! ரெண்டு தடவ போட்டேன், தலையிலயும் கை வச்சேன். நீங்கதான் பாக்கல."

அண்ணாச்சி திரும்பி மாடசாமியைப் பார்த்தார்.

அப்போதாவது நான் சிரித்துவிட்டு உண்மையைச் சொல்லியிருக்கலாம். அதற்குள் மாடசாமி புகுந்துவிட்டார். "அண்ணாச்சிக்கு வயசாவுதுல்லா! போன வாரம் நான் கை காட்டுனதுக்கும் பாக்காமத்தான போனீரு?"

"எனக்குந்தாம்வே. சந்தைல எதுக்க வந்து நின்னேன், கண்டுக்கிடல" என்றார் இன்னொருவர்.

இப்படி ஆளுக்கொன்று சொன்னார்கள். எல்லாம் கேலிதான். ஆனால் ஒவ்வொன்றையும் கேட்கக் கேட்க அண்ணாச்சியின் கை மெதுவாக எழுந்து கண்ணருகே போனது. அன்றுவரை அவர் தம் கண்ணைச் சந்தேகித்ததே இல்லை என்பதை அந்தக் கையைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். தேநீரைக் குடித்து முடித்தேன்.

சில நாட்களில் கண்ணாடியோடு வந்தார். "டாக்டரு போட்டே ஆவணும்னுட்டாரு. தூரமெல்லாம் நல்லாருக்கு, கிட்டத்துலதான் கோளாறாம். அவருக்கு என்ன தெரியும், அவரா லாரி ஓட்டுதாரு?" என்றார். விளையாட்டாகக் கழற்றி என் மூக்கில் மாட்டினார்.

எதிர்ச் சுவரில் தொங்கிய காலண்டர் கரைந்து மாவாகிவிட்டது.

அது வெள்ளெழுத்துக் கண்ணாடி! நாற்பது வயதுக்குமேல் எல்லாருக்கும் வருவது. படிப்பதற்கு மட்டும் போடுவது. வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்ற என் அப்பா, செய்தித்தாளுக்கு அதைத்தான் போடுவார். வாசலைப் பார்க்கக் கழற்றிவிடுவார். அண்ணாச்சியோ ஓர் எழுத்தும் படிக்கிறவர் அல்ல. அவருக்குக் கண் என்றால் சாலை. கண்ணாடி என்றால் சாலைக்கு. அதை மாட்டிக்கொண்டு வண்டி ஓட்டினால் எதிரே மலை வந்தாலும் தெரியாது.

அந்தக் கடையில் இதை அறிந்தவன் நான் ஒருவன்தான்.

சொல்லியிருந்தால் என்ன? சொல்லியிருந்தால், "அப்பம் தூரத்துப் பார்வ நல்லாத்தான் இருக்கா? நல்லா இருந்தா ஒன் லைட்டு எனக்கு ஏம்லே தெரியல?" என்று கேட்டிருப்பார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஆகவே கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, இரு கைகளாலும் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தேன். "நல்லா இருக்கு அண்ணாச்சி" என்றேன்.

நல்லா இருக்கு...!

"ரோடே ஆவி பறக்குத மாதிரி தெரியுதுலே" என்று இரண்டொரு நாள் சொன்னார். பழகினால் சரியாகிவிடும் என்றார்கள் மற்றவர்கள். நான் அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் டயருக்குக் காற்றுப் பார்க்கப் போய்விடுவேன்.

ஒரு காலை, சேரன்மகாதேவிக்கு அருகே கால்வாய்ப் பாலத்தில், அண்ணாச்சியின் லாரி கைப்பிடிச் சுவரை இடித்தது. புது பிரேக் பிடித்ததால் முன்சக்கரம் அந்தரத்தில் தொங்கியபடி நின்றது. உடைந்த கல் கீழே, ஒரு பெண் துணி துவைத்துக்கொண்டிருந்த கல்லின்மேல் விழுந்தது. துணியை அலச அவள் அப்போதுதான் தண்ணீருக்குள் இறங்கியிருந்தாள்.

யாருக்கும் காயமில்லை. ஆனால் சற்றுமுன் பள்ளிப் பிள்ளைகளைக் காட்டி உங்களிடம் நெஞ்சை நிமிர்த்தினேனே... அந்த நெஞ்சை இப்போது எங்கே வைத்துக்கொள்வது? கெட்ட பிரேக்கைச் சாலையிலிருந்து எடுத்தவன் நான் என்றால், அதே சாலைக்கு ஒரு மனிதரைக் கண்ணைக் கட்டி அனுப்பியவனும் நான்தான்.

அண்ணாச்சி அன்றே சாவியை முதலாளியிடம் கொடுத்துவிட்டார். "கண்ணு போனவனுக்கு வண்டி எதுக்குவே?" என்றாராம். விக்கிரமசிங்கபுரத்தில் ஆலைக்காரர்கள் சைக்கிள் விடுகிற நிறுத்தம் ஒன்றில் உட்கார்ந்துவிட்டார். பேட்டைப் பக்கம் பிறகு வரவில்லை.

நான் இன்னும் கொஞ்சகாலம் ஓட்டினேன். பிறகு பத்திரிகைகளில் நகைச்சுவை எழுதத் தொடங்கி, அதுவே பிழைப்பாகிவிட்டது. என் புத்தகங்களின் பின்னட்டையில் 'முன்னாள் லாரி ஓட்டுநர்' என்று போடுவார்கள். நான்தான் போடச் சொல்வேன். மேடையில் அதைச் சொன்னால் கைதட்டு விழும். பெரும்பாலான எழுத்தாளர்களிடம் அந்தப் பட்டம் இல்லை பாருங்கள்!

சென்ற ஆண்டு விக்கிரமசிங்கபுரத்தில் ஓர் இலக்கியக் கூட்டம். கைதட்டு வாங்கிக்கொண்டு பேருந்துக்காகத் தெருவில் நடந்துகொண்டிருந்தேன். தெருவின் கடைசியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஏலே, புரபசரு!"

அவ்வளவு தூரத்திலிருந்து, முடி நரைத்து முகம் ஊதிப்போன என்னை, கூட்டத்துக்கு நடுவே அடையாளம் கண்டுவிட்டார். கண்ணாடி அவர் சட்டைப்பையில் இருந்தது. சைக்கிள்களின் இடத்தில் மோட்டார் சைக்கிள்கள் நின்றன. அவர் அதே நிறுத்தத்தில் ஒரு முக்காலியில் இருந்தார்.

"அண்ணாச்சி, என்னை எப்பிடித் தெரிஞ்சுது?"

"இது என்னவோ தெரியலலே. ரோட்ட விட்ட பொறவு கண்ணு நல்லாயிட்டு."

அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். விரலை எடுத்தது, தேநீர்க்கடைப் பொய், கண்ணாடி. அறைவார் என்று எதிர்பார்த்தேன். அறைந்தால் தேவலை என்றுகூட நினைத்தேன்.

"பாலத்துல இடிச்சப்பவும் ஒனக்குத் தெரியும், என்ன?"

"தெரியும் அண்ணாச்சி."

ஒருவர் வண்டியை நிறுத்தினார். அண்ணாச்சி எழுந்து எண் வில்லையைக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னார்:

"அன்னைக்கு லைட்டு போட்டேன்னு வேற எவன் சொல்லியிருந்தாலும், போலே பொய்க்காரான்னு செவுட்டுல ஒண்ணு விட்டிருப்பேன். டிரைவர்னா பொய் சொல்லுவான், எனக்குத் தெரியாதா? நீதான் டிரைவரே இல்லையேன்னு நம்பிட்டேம்லே."